ஆற்று வெள்ளமும் தொற்றுநோய்களும்: வாசகர் கேள்வி – பதில்

ஆறு கரையுடைத்து வீடுகளுக்குள் புகுந்த பகுதிகளிலிருந்து வந்த கேள்விகளில், பலரும் கேட்டவற்றை இந்த முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். பொது சுகாதாரம், குடிநீர்ச் சுத்திகரிப்பு, தொற்றுநோய் மருத்துவம் ஆகிய துறைகளில் இருப்பவர்கள் சேர்ந்து பதில் எழுதியிருக்கிறார்கள்.

தண்ணீர் வடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. வீட்டில் எல்லோரும் நன்றாக இருக்கிறோம். இனி பயமில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளாதீர்கள். கிருமி உடலில் நுழைந்த நாளுக்கும் நோய் தலைகாட்டும் நாளுக்கும் நடுவே ஓர் இடைவெளி உண்டு. நோய்க்கு நோய் அது மாறும். காலரா என்றால் சில மணி நேரத்திலிருந்து 5 நாளுக்குள் தெரிந்துவிடும். மற்ற வாந்திபேதிகளில் பலவும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். எலிக்காய்ச்சலுக்கு 2 முதல் 30 நாள் வரை ஆகலாம். பெரும்பாலும் 5 முதல் 14 நாள். டைபாய்டுக்கு ஒன்றிலிருந்து மூன்று வாரம். மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெப்படைட்டிஸ் ஏ கிருமிக்கு 15 முதல் 50 நாள். ஹெப்படைட்டிஸ் ஈ இரண்டு மாதம் கழித்துக்கூட வரலாம்.

கொசுவின் கணக்கு வேறு. பாய்ந்து வரும் வெள்ளம் பழைய முட்டைகளையும் புழுக்களையும் அடித்துக்கொண்டு போய்விடுவதால் முதல் சில நாள் கொசு குறைந்ததுபோலத் தெரியும். வடிந்தபின் தேங்கும் நீரில் புதிய தலைமுறை தொடங்கும். டெங்கு மூன்றாவது, நான்காவது வாரத்தில் தெரிய ஆரம்பிக்கும். மலேரியா உள்ள பகுதிகளில் வெள்ளத்துக்கு 6 முதல் 8 வாரம் கழித்தே நோயாளிகளின் எண்ணிக்கை ஏறுவது வழக்கம்.

இதில் எங்களுக்குள்ள பெரிய கவலை ஒன்று. நிவாரணப் பணி குறைவதும், தண்ணீர் லாரி நிற்பதும், வீட்டில் கொதிக்கவைத்துக் குடிக்கும் பழக்கம் தளர்வதும் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான். டைபாய்டும் காமாலையும் அந்தத் தளர்வுக்குத்தான் காத்திருக்கின்றன. ஆகவே வெள்ளம் புகுந்த தேதி, கடைசியாகச் சேற்றில் இறங்கிய தேதி இரண்டையும் காலண்டரில் குறித்துவையுங்கள். குறைந்தது இரண்டு மாதம் குடிநீரில் கவனம் தேவை. கர்ப்பிணிகள் உள்ள வீட்டில் இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. ஹெப்படைட்டிஸ் ஈ கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

கொதிக்கவைப்பது, குளோரின் மாத்திரை, பிளீச்சிங் பவுடர்: குடிநீருக்கு எது சரி? கலங்கலான நீர்தான் கிடைக்கிறது.

எரிபொருள் இருந்தால் கொதிக்கவைப்பதே முதல் தேர்வு. அடியிலிருந்து பெரிய குமிழிகள் எழும்பித் தளதளவென்று கொதிக்கத் தொடங்கியதும் ஒரு நிமிடம் அப்படியே விட்டால் போதும். கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் உள்ள மலைப்பகுதி என்றால் மூன்று நிமிடம். பத்து, இருபது நிமிடம் கொதிக்கவைக்க வேண்டியதில்லை. அப்படி நினைத்து எரிபொருளைத் தீர்த்துவிட்டு, மறுநாள் பச்சைத் தண்ணீர் குடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாத்திரத்தின் ஓரத்தில் சின்னக் குமிழி வந்ததும் இறக்குவது இதற்கு நேரெதிரான தவறு.

குளோரினுக்கு ஒரு நல்ல குணம் உண்டு: நீரில் தங்கி, பிறகு சேரும் கிருமியையும் ஓரளவு கொல்லும். கொதித்து ஆறிய நீரில் கைவிட்டு மொண்டால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. ஆனால் குளோரினுக்குக் கலங்கல் ஆகாது. மண்ணும் மக்கிய பொருளும் குளோரினைத் தின்றுவிடும்; மண்துகளுக்குள் கிருமி ஒளிந்தும்கொள்ளும். எனவே முதலில் தெளியவிடுங்கள். வாளியில் பிடித்துச் சில மணி நேரம் அசையாமல் வைத்து, மேல்நீரை மட்டும் இறுத்து, நாலாக மடித்த சுத்தமான பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். அதன் பிறகுதான் மருந்து.

மாத்திரை என்றால் அட்டையில் உள்ள அளவே வேதம். 5 லிட்டருக்கு, 20 லிட்டருக்கு என்று வெவ்வேறு வலிமையில் வருவதால், போன முறை வந்த மாத்திரையின் கணக்கை இந்த முறை வந்ததற்குப் போடாதீர்கள். பிளீச்சிங் பவுடர் என்றால் நேரடியாகக் குடத்தில் தூவாமல் கரைசல் செய்துகொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு குளோரின் உள்ள நல்ல பவுடர் 33 கிராமை ஒரு லிட்டர் நீரில் கலக்கி, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை ஒளிபுகாத பாட்டிலில் ஊற்றி மூடுங்கள். இது ஏறக்குறைய 1 சதவீதக் கரைசல். தெளிந்த நீர் 20 லிட்டருக்கு 5 மி.லி.; வடிகட்டியும் லேசாக மங்கலாக இருந்தால் 10 மி.லி. கலக்கி 30 நிமிடம் மூடி வையுங்கள். பிறகு முகர்ந்தால் மெல்லிய குளோரின் வாடை வரவேண்டும். வரவில்லையென்றால் அதே அளவை இன்னொரு முறை விட்டு 15 நிமிடம் பொறுங்கள். அப்போதும் வாடை இல்லையென்றால் அந்த நீர் குடிக்க ஆகாது. கொதிக்கவையுங்கள், அல்லது வேறு நீர் தேடுங்கள்.

கரைசல் ஒரு வாரத்துக்கு மேல் வலிமையோடு இருக்காது. பவுடரும் அப்படித்தான்: ஈரம் கோத்துக் கட்டிதட்டி, திறந்தால் மூக்கில் ஏறும் நெடி இல்லாத பவுடர் வெறும் சுண்ணாம்புதான். போட்டோம் என்ற நிம்மதியைத் தவிர வேறெதையும் அது தராது.

இன்னொன்று. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி குளோரினுக்குச் சாகாது, கொதிநீரில் சாகும். கைக்குழந்தைக்கும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களுக்கும் கொதித்த நீரையே கொடுங்கள். பூச்சிமருந்து, டீசல் போன்றவை கலந்த நீரைக் கொதிக்கவைப்பதும் காப்பாற்றாது, குளோரினும் காப்பாற்றாது. எண்ணெய்ப் படலமோ மருந்து நெடியோ இருந்தால் அந்த நீரைத் தொடவேண்டாம்.

எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் வெள்ளம் இறங்கிவிட்டது. நாலு கைப்பிடி பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டோம். இனி குடிக்கலாமா?

கூடாது. கைப்பிடிக் கணக்கில் கிணறு சுத்தமாவதில்லை. முதலில் சேறு, பிறகு மருந்து, அதன்பின் சோதனை. இந்த வரிசை மாறக்கூடாது.

வெள்ளம் வடிந்த உடனே கிணற்றை இறைத்துக் காலி செய்யாதீர்கள். சுற்றிலும் மண் நீரில் ஊறி நிற்கும்போது உள்ளே இருக்கும் நீரை வேகமாக எடுத்தால் வெளியழுத்தம் தாங்காமல் உறையோ சுவரோ சரிந்துவிடும். சுற்றுப்புற நீர்மட்டம் இறங்கும்வரை பொறுத்திருந்து, பிறகு மெதுவாக இறையுங்கள். வெள்ளத்துக்குப் பின் கிணற்றுக்குள் பிராணவாயு குறைந்தோ நச்சுவாயு தங்கியோ இருக்கலாம். தனியாக யாரும் இறங்கக் கூடாது. பெட்ரோல், டீசல் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகையே ஆளைக் கொன்றுவிடும். என்ஜின் எப்போதும் மேலே, காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும்.

சேற்றையும் குப்பையையும் எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, அந்த நீரையும் இறைத்துவிட்டு, ஊற விடுங்கள். ஊறிய நீரின் அளவைக் கணக்கிடுவது எளிது. கிணற்றின் விட்டத்தை மீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, நீரின் ஆழத்தால் பெருக்கி, வருவதை 785-ஆல் பெருக்கினால் லிட்டர் கிடைக்கும். விட்டம் 3 மீட்டர், நீராழம் 4 மீட்டர் என்றால் 3 × 3 × 4 × 785. ஏறக்குறைய 28,000 லிட்டர். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் வேண்டும். நல்ல பவுடராக இருந்தால் 1,000 லிட்டருக்கு 150 கிராம். நம் உதாரணக் கிணற்றுக்கு 4.2 கிலோ. நாலு கைப்பிடிக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் பாருங்கள்.

பவுடரை அப்படியே கொட்டினால் சுண்ணாம்போடு அடியில் போய் உட்கார்ந்துவிடும். ஒரு பிளாஸ்டிக் வாளிக்கு அரைக் கிலோ வீதம், முதலில் கொஞ்சம் நீர் விட்டுக் குழைத்து, பிறகு முக்கால் வாளி நீர் ஊற்றிக் கலக்கி, 10 நிமிடம் தெளியவிடுங்கள். தெளிவை மட்டும் வேறு வாளிக்கு மாற்றி, கயிற்றில் கட்டிக் கிணற்று நீருக்குள் மூழ்கடித்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் நன்றாக ஆட்டிக் கலக்குங்கள். கிணற்று மோட்டாரை ஓட்டி, வீட்டின் ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாடை வரும்வரை திறந்து மூடுங்கள். குழாய்க்குள்ளும் வெள்ளநீர் இருந்திருக்கும் அல்லவா? 12 மணி நேரம், ஓர் இரவு முழுவதும் என்று வைத்துக்கொள்ளுங்கள், அந்த நீரை யாரும் தொடவேண்டாம். மறுநாள் வாடை போகும்வரை இறைத்துக் கொட்டுங்கள். மீன் உள்ள குளத்திலோ பயிரிலோ விடாதீர்கள்.

சில நாள் கழித்து நீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து, மலக்கிருமி இல்லை என்று முடிவு வந்த பிறகே கொதிக்கவைக்காமல் குடிக்கலாம். அதன்பின் அன்றாடப் பராமரிப்புக்கு 1,000 லிட்டருக்கு 2.5 கிராம் போதும். இரவில் போட்டால் காலைக்குள் வேலை முடிந்திருக்கும்.

குழாயில் தண்ணீர் வர ஆரம்பித்துவிட்டது. நேரடியாகப் பிடித்துக் குடிக்கலாமா?

அழுத்தம் இல்லாமல் கிடந்த குழாய், விரிசல் வழியாகச் சாக்கடையை உள்ளே இழுத்திருக்கும். முதலில் வருவதை ஓடவிட்டு, தெளிந்தபின் பிடியுங்கள். குடிநீர் பாதுகாப்பானது என்று அறிவிப்பு வரும்வரை கொதிக்கவையுங்கள். தரைக்குக் கீழே உள்ள தொட்டியில் வெள்ளம் புகுந்திருந்தால் சேறெடுத்துத் தேய்த்துக் கழுவி, கிணற்றுக்குச் சொன்ன அதே அளவில் மருந்திட்டு வைத்திருந்து, வடித்த பிறகே புதுநீர் ஏற்ற வேண்டும். அதைச் செய்யாமல் மோட்டார் போட்டால் மேல்நிலைத் தொட்டியும் கெட்டுவிடும்.

மூன்று நாள் முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்று வேலை செய்தேன். எலிக்காய்ச்சலுக்கு மாத்திரை போடச் சொல்கிறார்கள். அவசியமா?

எலிக்காய்ச்சல் கிருமி எலியிடம் மட்டும் இல்லை. மாடு, நாய், பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் வெளியேறி, வெள்ளநீரிலும் ஈரச்சேற்றிலும் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். காலில் உள்ள சிராய்ப்பு, விரலிடுக்கில் நீரில் ஊறி வெடித்த தோல், கண், மூக்கு, வாய் வழியே உள்ளே போகும். வெள்ளநீரில் நெடுநேரம் நின்றவர்களுக்கும் சேறு அள்ளுபவர்களுக்கும் மருத்துவர்கள் டாக்ஸிசைக்ளின் 200 மி.கி. வாரம் ஒரு முறை பரிந்துரைப்பது உண்டு. அது பெரியவர்களுக்கான அளவு. கர்ப்பிணிகளுக்கும் 8 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் பொருந்தாது. அவர்களுக்கு மருத்துவர் வேறு வழி சொல்வார். சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு முழு தம்ளர் நீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்குங்கள். விழுங்கியதும் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும்.

மாத்திரை போட்டுவிட்டோம் என்று வெறுங்காலோடு இறங்காதீர்கள். மாத்திரை ஆபத்தைக் குறைக்கும், நீக்காது. முழங்கால் வரை வரும் ரப்பர் பூட்ஸ், ரப்பர் கையுறை, இறங்கும் முன் காயத்தின்மேல் நீர்புகாத பிளாஸ்திரி. பூட்ஸுக்குள் தண்ணீர் போய்விட்டால் உடனே கழற்றிக் கொட்டிவிட்டுக் காலைக் கழுவுங்கள். உள்ளே தேங்கிய வெள்ளநீரில் நாள் முழுவதும் கால் ஊறுவது வெறுங்காலைவிட நல்லதல்ல. வேலை முடிந்ததும் சுத்தமான நீரில் சோப்புப் போட்டுக் குளித்து, விரலிடுக்குகளை ஈரம் போகத் துடையுங்கள். சேற்றுப்புண் வராமலும் இது காக்கும்.

திடீர்க் காய்ச்சல், கடும் தலைவலி, கெண்டைக்கால் தசையை அமுக்கினால் உயிர்போகும் வலி, பீளை இல்லாமல் சிவந்த கண்: இந்த நான்கும் சேர்ந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். முதல் சில நாளில் எதிர்ப்பொருள் ரத்தப் பரிசோதனை 'இல்லை' என்று காட்டலாம். உடலில் எதிர்ப்பொருள் உருவாக ஒரு வாரம் பிடிக்கும். அந்த முடிவை வைத்துக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, மூச்சுத்திணறல், ரத்தக்கசிவு வந்துவிட்டால் மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலை.

சேற்றுக்குள் கிடந்த தகரம் காலைக் கிழித்துவிட்டது. ஊசி போட்டு எட்டு வருடம் ஆகிறது. மறுபடியும் போடவேண்டுமா?

போடவேண்டும். சுத்தமான சிறு காயத்துக்கு டெட்டனஸ் ஊசியின் கணக்கு 10 வருடம். சேறு, சாணம், மலம் பட்ட காயத்துக்கு 5 வருடம்தான். குழந்தைப் பருவத் தடுப்பூசிகளை முழுதாகப் போடாதவர் என்றால் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள், கூடுதலாக வேறு ஊசியும் தேவைப்படலாம். ஆனால் ஊசியைவிட முன்னால் வருவது கழுவுதல். சுத்தமான ஓடும் நீரிலும் சோப்பிலும் மண்துகள் போகும்வரை கழுவுங்கள். மஞ்சள்தூளும் சாம்பலும் வேண்டாம். ஆழமான அழுக்குக் காயத்தை உடனே தைத்து மூடச் சொல்லாதீர்கள். உள்ளே அடைபட்டால் சீழ் பிடிக்கும்.

வெள்ளத்தில் இடம்பெயர்ந்த நாயோ வேறு விலங்கோ கடித்தால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவிவிட்டு, ரேபிஸ் தடுப்பூசிக்கு அன்றே போங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மெலியாய்டோசிஸ் என்ற நோயின் கிருமி மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருப்பது. கனமழைக்கும் வெள்ளத்துக்கும் பிறகு அதிகம் தாக்கும், சர்க்கரை உள்ளவர்களையே பெரும்பாலும் பிடிக்கும். நிமோனியாவாகவோ, ஆறாத சீழ்க்கட்டியாகவோ, காரணம் தெரியாத காய்ச்சலாகவோ வரும். வழக்கமான ஆன்டிபயாடிக் பலவும் இதில் வேலை செய்யாது. 'வெள்ளச் சேற்றில் இறங்கினேன், எனக்குச் சர்க்கரை உண்டு' என்று நீங்கள் சொன்னால்தான் மருத்துவர் கல்ச்சர் பரிசோதனைக்கு (கிருமியை வளர்த்துக் கண்டறியும் சோதனை) அனுப்ப நினைப்பார்.

தெருவெல்லாம் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள். அதனால் பயன் உண்டா? செத்துக் கிடக்கும் மாடுகளால் நோய் பரவுமா?

சேற்றின்மேல் தூவும் பவுடர் கண்ணுக்குத்தான் வெள்ளை. சேற்றில் உள்ள மக்கிய பொருள் குளோரினைச் சில நிமிடங்களில் செலவழித்துவிடும். மிச்சம் வெயிலில் போகும். அந்த மூட்டைகள் கிணற்றுக்கும் குடிநீர்த் தொட்டிக்கும் போகவேண்டியவை. தெருவுக்குத் தேவை மண்வெட்டியும் வாய்க்கால் அடைப்பு எடுப்பதும்.

மனித உடல்களால் கொள்ளைநோய் வரும் என்ற அச்சம் பரவலானது, ஆனால் தவறு. வெள்ளத்தில் இறந்தவர்கள் நீரில் மூழ்கியும் அடிபட்டும் இறந்தவர்கள், தொற்றுநோயால் அல்ல. உடலைக் கையாள்பவர்கள் கையுறை அணிந்து, சோப்பில் கைகழுவினால் போதும். அவசரப்பட்டு அடையாளம் காணாமல் மொத்தமாகப் புதைப்பதற்கு சுகாதாரக் காரணம் எதுவும் இல்லை. குடும்பத்தார் பார்த்து அனுப்பிவைக்க அவகாசம் கொடுங்கள்.

விலங்குகளைக் கிணறு, ஆறு ஆகியவற்றிலிருந்து தள்ளி, நிலத்தடி நீர் எட்டாத மேட்டு நிலத்தில், மேலே ஒரு மீட்டர் மண்ணாவது மூடும்படி புதைக்க வேண்டும். மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத ரத்தம் கசிந்து செத்த மாடு என்றால் அதைத் தொடாதீர்கள், தோலை உரிக்காதீர்கள். அது ஆந்த்ராக்ஸாக இருக்கலாம். கால்நடை மருத்துவர் வரட்டும்.

வீட்டைக் கழுவ எந்த அளவில் மருந்து கலப்பது?

முதலில் மருந்தே வேண்டாம். சேறு ஈரமாக இருக்கும்போதே வழித்தெடுங்கள், காய்ந்தால் கல்லாகிவிடும், தூசியாகவும் கிளம்பும். பிறகு சோப்பு நீரில் தேய்த்து அலசுங்கள். தரை பளிச்சென்று ஆன பின்தான் குளோரின்: 10 லிட்டர் வாளிக்கு 30 கிராம் பவுடர். கழிவுநீர் புகுந்த இடத்துக்கு 150 கிராம். தெளிந்த நீரைத் தரையில் ஊற்றி 10 நிமிடம் நனைந்திருக்கும்படி விட்டு அலசுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். கழிவறை கழுவும் அமிலத்தோடு பிளீச்சைக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பி நுரையீரலைச் சுட்டுவிடும். அம்மோனியா உள்ள கிளீனரோடும் கலக்கக் கூடாது.

நனைந்த மெத்தை, தலையணை, பஞ்சு வைத்த நாற்காலி இரண்டு நாளுக்குள் காயாவிட்டால் பூஞ்சை பிடிக்கும். அவற்றைக் காப்பாற்றப் பார்க்காதீர்கள். செப்டிக் டேங்கைச் சுற்றி மண் இன்னும் ஊறியிருந்தால் அதையும் உடனே காலி செய்ய வேண்டாம். காலித் தொட்டி மண்ணிலிருந்து மேலே மிதந்து குழாய்கள் உடையும்.

குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் வாந்தி எடுக்கிறான். என்ன செய்வது?

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் நிறுத்திவிட்டு, ஒவ்வொரு தேக்கரண்டியாக, ஓரிரு நிமிட இடைவெளியில் கொடுங்கள். தம்ளரோடு ஒரே மூச்சில் குடிக்கவைப்பதால்தான் பல குழந்தைகள் கக்கிவிடுகின்றன. இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு முறை பேதியான பிறகும் 50 முதல் 100 மி.லி., அதற்கு மேல் 10 வயது வரை 100 முதல் 200 மி.லி., பெரியவர்களுக்கு வேண்டுமளவு.

கரைப்பதில் ஒரு தவறு அடிக்கடி நடக்கிறது. ஒரு லிட்டருக்கான பொட்டலத்தைப் பிரித்து, ஒரு தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக் கலக்குகிறார்கள். உப்பு அதிகமாகி மூளையைப் பாதிக்கும் அளவுக்கு அது போகலாம். பொட்டலம் முழுவதையும், அதில் எழுதிய அளவு நீரில், அளந்து கலக்குங்கள். கொதித்து ஆறிய நீராக இருக்கட்டும். 24 மணி நேரம் தாண்டியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். பொட்டலம் கிடைக்காத நேரத்தில், ஒரு லிட்டர் நீருக்குத் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரை, தலைதட்டிய அரைத் தேக்கரண்டி உப்பு. நாக்கில் வைத்துப் பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள், வழக்கமான சாப்பாட்டையும் கொடுங்கள். துத்தநாக மாத்திரை 6 மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு நாளுக்கு 10 மி.கி., அதற்கு மேல் 20 மி.கி., 10 முதல் 14 நாள் வரை. பேதி நின்ற பின்னும் தொடர வேண்டும். பேதியை அடைக்கும் மாத்திரையைக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது.

கண் குழிவிழுவது, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மெதுவாகத் திரும்புவது, 6 மணி நேரமாகச் சிறுநீர் இல்லாதது, சோர்ந்து துவள்வது, மலத்தில் ரத்தம்: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், வழியெல்லாம் ஓ.ஆர்.எஸ். கொடுத்துக்கொண்டே. அரிசி கழுவிய நீர்போலப் பேதியானால், பெரியவராக இருந்தாலும் ஒரு மணி நேரம்கூடக் காத்திருக்காதீர்கள். காலராவில் சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். நீரிழப்பை ஈடுகட்டினால் பிழைக்காதவர் அரிது.

பள்ளிக்கூடத்தில் 400 பேர் தங்கும் முகாமை நடத்துகிறோம். எதில் முதலில் கவனம் வைப்பது?

கழிவறையிலும் கைகழுவும் இடத்திலும். கழிவறை ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று, முடிந்த அளவு விரைவில் 20 பேருக்கு ஒன்று. உங்கள் முகாமுக்கு முதலில் 8, பிறகு 20. பெண்களுக்கான எண்ணிக்கை ஆண்களுடையதைவிடக் கூடுதலாக, வெளிச்சமான இடத்தில், உள்தாழ்ப்பாளோடு இருக்கட்டும். பயந்துகொண்டு போகும் கழிவறைக்கு யாரும் போகமாட்டார்கள். குழிக் கழிவறை நீராதாரத்திலிருந்து குறைந்தது 30 மீட்டர் தள்ளி. தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர். குடிநீர்ப் பாத்திரம் வாய் குறுகியதாக, குழாய் வைத்ததாக இருக்கட்டும். தம்ளரை விட்டு மொள்ளும் அண்டா ஒன்று போதும், ஒருவரின் கையிலிருந்து முகாம் முழுவதும் பேதி பரவ.

வயிற்றுப்போக்கு உள்ளவர் சமையலுக்கு வரக்கூடாது, நின்று 48 மணி நேரம் ஆகும்வரை. தலைக்கு 3.5 சதுர மீட்டர் இடம் கொடுக்க முடியாவிட்டால், ஒருவர் தலைமாட்டில் அடுத்தவர் கால் வரும்படி மாற்றிப் படுக்கவையுங்கள், இருமல் நேராக முகத்தில் படாது. நெருக்கடியான முகாமில் அஞ்சவேண்டிய நோய் தட்டம்மை. முதல் நோயாளி வரும்வரை காத்திராமல், 6 மாதம் முதல் 14 வயது வரையுள்ள குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடவரும்படி சுகாதாரத் துறையிடம் கேளுங்கள்.

வெள்ளத்தில் மூழ்கிய உணவு டப்பாக்களைப் பயன்படுத்தலாமா?

திருகுமூடி, அமுக்குமூடி, கார்க், அட்டைப்பெட்டி, பிளாஸ்டிக் பை எதுவானாலும் வெளியே போடுங்கள். ஆலையில் அடைத்த தகர டின் உப்பாமல், நசுங்காமல், துருப்பிடிக்காமல் இருந்தால் மட்டும், காகிதத்தை உரித்து, சோப்பில் கழுவி, கொதிநீரில் 2 நிமிடம் போட்டெடுத்துப் பயன்படுத்தலாம். பால்புட்டியின் ரப்பர்க் காம்பு, மரப்பலகை இரண்டையும் எறிந்துவிடுங்கள். மின்சாரம் போய் 4 மணி நேரம் ஆகிவிட்டால் பிரிட்ஜில் இருக்கும் பால், இறைச்சி, சமைத்த உணவு எதையும் முகர்ந்து பார்த்து முடிவு செய்யாதீர்கள். நோய் தரும் கிருமி வாடையைக் கிளப்பிவிட்டு வருவதில்லை.

புகை மருந்து அடித்தும் கொசு குறையவில்லையே?

புகை பறக்கும் கொசுவை மட்டும் கொல்லும். நீரில் உள்ள புழு ஓரிரு நாளில் அடுத்த படையாகிவிடும். முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் முதல் 10 நாள் ஆகும் என்பதால், வாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு எல்லாப் பாத்திரங்களையும் கவிழ்க்க வேண்டும். டெங்குக் கொசு சாக்கடையில் முட்டையிடுவதில்லை. நிவாரணத்தில் வந்த தண்ணீர்ப் பீப்பாய், மூடாத தொட்டி, டயர், தேங்கிய தார்ப்பாய் மடிப்பு ஆகியவைதான் அதன் இடம். நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் கரும்புள்ளிகளாக முட்டை ஒட்டியிருக்கும். காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடந்து, நீர் பட்டதும் பொரியும். கவிழ்த்தால் மட்டும் போதாது, நார் வைத்துத் தேய்க்க வேண்டும். அது பகலில் கடிப்பது, எனவே பகலில் தூங்கும் குழந்தைக்கும் வலை கட்டுங்கள்.

வெள்ளத்துக்கு மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்திருக்கிறது. மருந்துக்கடையில் மாத்திரை வாங்கிப் பார்க்கலாமா?

வாங்கினால் பாராசிட்டமால் மட்டும். அது டெங்குவாக இருந்தால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் ரத்தக்கசிவைக் கூட்டும்; எலிக்காய்ச்சலாக இருந்தால் இபுபுரூஃபன் ஏற்கெனவே தடுமாறும் சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும். கையில் கிடைத்த ஆன்டிபயாடிக்கை இரண்டு நாள் போட்டுவிட்டுப் போனால் ரத்தக் கல்ச்சரில் டைபாய்டும் தெரியாமல் போகலாம்.

மருத்துவரிடம் போகும்போது இவற்றை ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள்: வெள்ளநீரில் முதலிலும் கடைசியிலும் இறங்கிய தேதி, காய்ச்சல் தொடங்கிய தேதி, காலில் காயம் இருந்ததா, என்ன தண்ணீர் குடித்தீர்கள், போட்ட மாத்திரைகள், வீட்டில் வேறு யாருக்குக் காய்ச்சல், சர்க்கரையோ கர்ப்பமோ உண்டா. மலேரியா உள்ள பகுதியானால் அதற்கான ரத்தப் பரிசோதனையை அன்றே செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறை இல்லை என்று வந்தும் காய்ச்சல் விடாவிட்டால் திரும்பவும் எடுக்க வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நாள் குணமான நாள் அல்ல. அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் கடும் வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிடுவது வரும். வந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.